அட்டையின் மறுபக்கம்: பிரிக்பீல்ட்ஸ் சனிக்கிழமை வகுப்பு குறித்து ஒரு மதிப்புரை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடைவீடு ஒன்றின் இரண்டாவது மாடியில், பெரியவர்களுக்கான வரலாற்று வகுப்புகளைத் தமிழிலேயே நடத்தும் சிறிய கல்வி மையம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைப் பிற்பகல்களில் நான்கு அமர்வுகளாக அங்கே அண்மையில் நடந்து முடிந்த வகுப்பு, அமெரிக்கத் தென் மாநிலங்களின் தேர்தல் வரலாற்றை எடுத்துக்கொண்டு ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது: நிறப்பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்த ஓர் அரசியல்வாதியின் மற்றக் கொள்கைகளை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அவற்றுக்காக மட்டும் ஒருவர் அவருக்கு வாக்களிக்க முடியுமா? அடுத்த சுற்றுக்குப் பதிவு தொடங்கியிருப்பதால், சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டணம் 160 வெள்ளி. அந்தப் பணம் வீண்போகாது என்பதே என் கருத்து. ஆனால் வகுப்பு தன் கேள்வியைச் சற்றுக் கோணலாகக் கேட்டுக்கொள்கிறது. நேரான கேள்வி அதன் இரண்டாவது அமர்வுக்குள்ளேயே கிடந்தும், அதை எடுத்து நடுவில் வைக்க ஏனோ தயங்குகிறது.

இடத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கே.எல். சென்ட்ரலிலிருந்து நடந்தே வந்துவிடலாம். காரில் வருகிறவர்கள் நிறுத்த இடம் தேடி அலைவார்கள். மின்தூக்கி கிடையாது, படிகள் செங்குத்தானவை, ஆகவே முட்டிவலிக்காரர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. இடைவேளையில் கோப்பியும் கறிபாப்பும் கட்டணத்திலேயே அடக்கம். நடத்துபவர் ஓய்வுபெற்ற விரிவுரையாளர். நிதானமானவர், குரலை உயர்த்தாதவர், ஆங்கிலச் சட்டப் பிரிவுகளைக்கூட நல்ல தமிழில் எடுத்துச் சொல்லத் தெரிந்தவர். மேற்கோள் காட்டுகிற ஒவ்வொரு வாசகத்துக்கும் நாளும் இடமும் சொல்லிவிட்டே மேலே போவார். இந்த ஒழுங்கு இங்கே நடக்கும் மற்றப் பொது வகுப்புகளில் நான் அதிகம் காணாதது.

முதல் அமர்வின் உயிர் அட்டைப் பயிற்சிதான். வந்திருந்த ஒவ்வொருவருக்கும் நான்கு தடித்த அட்டைகளும் ஒரு சிறிய வாக்குச்சீட்டும் கொடுத்தார்கள். அட்டையின் முன்பக்கத்தில் பெயரோ படமோ இல்லை. அந்த அரசியல்வாதி செய்தவை மட்டும் அச்சிடப்பட்டிருந்தன. முதலாவது அட்டைக்குரியவர், ஏழைக் கிராமங்களில் மருத்துவமனைகள் கட்ட மத்திய அரசின் பணத்தைக் கொண்டுவந்த சட்டத்தை 1946-இல் நிறைவேற்றியவர். இரண்டாமவர், அதே ஆண்டில் நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைச் சட்டமாக்கியவர். மூன்றாமவர், உலக நாடுகளுக்கிடையே மாணவர்களையும் ஆசிரியர்களையும் பரிமாறிக்கொள்ளும் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியவர். பலரையும் கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகித்து விசாரித்த செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் விசாரணைக் குழுவுக்குப் பணம் ஒதுக்குவதை 1954-இல் செனட்டில் தனியொருவராக எதிர்த்து வாக்களித்தவர். பிறகு வியட்நாம் போரை வெளிப்படையாகக் கேள்வி கேட்டவர். நான்காமவர், தம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல் கொடுத்து, தொழிற்பயிற்சிப் பள்ளிகளையும் இளநிலைக் கல்லூரிகளையும் பெருக்கிய ஆளுநர்.

என் மேசையில் அமர்ந்திருந்த, அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், முதல் அட்டையை எடுத்துத் தம் கைப்பையின் மேல் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் படிக்கவே மறுத்துவிட்டார். பட்டப்படிப்பு முடித்து மேற்படிப்புக்கு வழி தேடிக்கொண்டிருந்த இளைஞர் மூன்றாம் அட்டையைத் தேர்ந்தெடுத்தார். எல்லோரும் சீட்டைப் போட்ட பிறகு அட்டைகளைத் திருப்பச் சொன்னார்கள். முதல் மூன்றின் பின்பக்கத்திலும் ஒரே செய்தி: பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954 மே 17-இல் அளித்த தீர்ப்பை எதிர்த்து, 19 செனட்டர்களும் 82 கீழவை உறுப்பினர்களும் 1956-இல் வெளியிட்ட தென் மாநிலப் பிரகடனத்தில் அவர்களுடைய கையெழுத்து இருந்தது. அலபாமாவின் லிஸ்டர் ஹில், ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸல், ஆர்கன்சாவின் வில்லியம் ஃபுல்பிரைட். நான்காவது அட்டையின் பின்னால் இருந்தவர் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ். 1963 ஜனவரியில் பதவியேற்றபோது, நிறப்பிரிவினை இன்றும் நாளையும் என்றென்றும் தொடரும் என்று முழங்கியவர். தாதி அம்மா அட்டையை மறுபடி முன்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, "திருப்பாமலேயே விட்டிருக்கலாம் சார்" என்றார். அறையில் சிரிப்பு எழுந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை.

மலேசியாவில் ஃபுல்பிரைட் என்ற பெயரைப் படித்தவர்கள் பலரும் அறிவார்கள். அந்த உதவித்தொகையில் அமெரிக்கா போனவர்களும் இருக்கிறார்கள், அதே திட்டத்தில் இங்கே நம் பள்ளிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த அமெரிக்க இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆகவே மூன்றாம் அட்டையின் மறுபக்கம்தான் அதிகப் பேரை உலுக்கியது. அந்தப் பெயருக்குரியவர் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தையும் 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்து வாக்களித்தவர் என்பதை விரிவுரையாளர் மறைக்கவில்லை. வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானத்தையும் அவர் நேர்மையாக எடுத்து வைத்தார்: ஆர்கன்சா வாக்காளர்கள் அவரை அப்போதே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், அவர் போயிருந்தால் வெளியுறவுக் குழுவில் வியட்நாம் போரை 1966-இல் விசாரணைக்கு உட்படுத்த ஆளில்லாமல் போயிருக்கும், ஆகவே அந்தக் கையெழுத்து அவர் பதவியில் நீடிப்பதற்குக் கொடுத்த விலை. டென்னஸியின் செனட்டர்கள் எஸ்டெஸ் கீஃபாவரும் மூத்த ஆல்பர்ட் கோரும் அதே பிரகடனத்தில் கையெழுத்திட மறுத்தும் பதவி இழக்கவில்லை என்பதை ஒருவர் எழுந்து நினைவூட்டியபோது, கோர் 1964 சட்டத்துக்கு எதிராகவே வாக்களித்தார் என்ற தகவலையும் விரிவுரையாளர் சேர்த்துக்கொண்டார். இப்படி, கேட்பவர் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார முற்படும்போதெல்லாம் நாற்காலியைச் சற்று நகர்த்திவிடும் பழக்கம் அவருக்கு இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் அந்தச் சமாதானத்தில் வருகிற "வாக்காளர்கள்" யார் என்று முதல் அமர்வில் யாரும் கேட்கவில்லை. பயிற்சியின் அடிப்படைக் குறையும் அங்கேதான் இருக்கிறது. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாக்குச்சீட்டு இருந்தது; அலபாமாவில் அப்படி இருக்கவில்லை. 1901-ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு, வாக்குவரி (வாக்களிக்கக் கட்ட வேண்டிய வரி), எழுத்தறிவுத் தேர்வு, பதிவு அலுவலரின் மனம்போன போக்கு ஆகிய எல்லாமாகச் சேர்ந்து கறுப்பின மக்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருந்தன. செல்மா நகரம் அமைந்துள்ள மாவட்டத்தில் 1965-க்கு முன்னர், வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தாம் பதிவு பெற்றிருந்தார்கள். மிசிசிப்பியில் 1964-இல் ஏறக்குறைய 7 விழுக்காடு. வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகு, 1967-க்குள் அது 60 விழுக்காட்டை நெருங்கியது. பிரித்துப் பார்க்க முடியுமா என்ற கேள்வியை அந்த நாட்களின் தெற்கில் கேட்டால், அது யாரிடம் கேட்கப்படுகிறது? பிரிவினையால் எதையும் இழக்காதவரிடம் மட்டுமே. அவருக்கு அதைப் பிரித்து வைப்பதில் ஒரு சிரமமும் இல்லை, ஏனென்றால் மருத்துவமனை அவர் வீட்டுக்கு வருகிறது, பிரிவினையின் பாரமோ அடுத்த வீட்டுக்குப் போகிறது. இந்தப் புள்ளிவிவரங்கள் மூன்றாம் அமர்வின் கைப்பிரதியில் ஒழுங்காகவே இருந்தன. அவற்றை முதல் நாளே தந்து, மேசைக்குப் பாதிப்பேரின் வாக்குச்சீட்டைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பயிற்சியை நடத்தியிருந்தால் அது வேறு வகுப்பாகியிருக்கும்.

இரண்டாவது அமர்வுக்காகவே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம் என்பேன். அன்று எடுத்துக்கொண்டது ஹில்லின் மருத்துவமனைச் சட்டம் ஒன்றை மட்டும். ஹில்லின் தந்தை மான்ட்கமரியில் அறுவை மருத்துவர்; கத்திக்குத்துப்பட்ட ஒரு கறுப்பினச் சிறுவனின் இதயத்தை 1902-இல், மண்ணெண்ணெய் விளக்கொளியில் தைத்துக் காப்பாற்றிப் பெயர் பெற்றவர். மகனுக்கு வைத்த பெயரே புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரின் பெயர். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த ஒருவர், மருத்துவமனையே பார்த்திராத கிராமங்களுக்கு மருத்துவமனை வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார் என்பதில் ஐயமில்லை. ஒகாயோவின் ஹெரால்ட் பர்ட்டனுடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த சட்டம், நிறம் பாராமல் எல்லோருக்கும் இடமளிக்க வேண்டும் என்று ஒரு வரியில் சொன்னது. அடுத்த வரியிலேயே, வெவ்வேறு மக்கள் பிரிவினருக்குத் தனித்தனி மருத்துவமனைகள் இருக்குமானால், தேவைக்கேற்ப நியாயமாக ஏற்பாடு செய்திருந்தால் போதும் என்று விலக்கும் அளித்தது. விரிவுரையாளர் அந்தப் பிரிவைத் திரையில் போட்டு, அவசரமில்லாமல் இருமுறை தமிழில் விளக்கினார். பேனா வைத்திருந்தவர்கள் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து அவர் சொன்னது வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நடந்தது. அந்த நகரின் கறுப்பினப் பல் மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்ஸிடம், பல்லில் சீழ் கட்டிக் காய்ச்சலோடு ஒரு நோயாளி வந்தார். கறுப்பினத்தவருக்கான மருத்துவமனையில் கட்டில் இல்லை. அந்தச் சட்டத்தின் பணத்தைப் பெற்றிருந்த மற்ற இரு மருத்துவமனைகளிலோ அவருக்கு இடமில்லை, சிம்கின்ஸுக்கு அங்கே மருத்துவம் பார்க்கும் உரிமையும் இல்லை. அவரும் வேறு சில மருத்துவர்களும் நோயாளிகளும் 1962-இல் வழக்குத் தொடுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1963 நவம்பரில் அந்த விலக்குப் பிரிவைச் செல்லாதென்று தள்ளியது. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்தது. ஆக, 1946 முதல் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள், அட்டையின் முன்பக்கத்தில் இருந்த மருத்துவமனையும் பின்பக்கத்தில் இருந்த பிரிவினையும் ஒரே சட்டத்தின் அடுத்தடுத்த வரிகளாக இருந்தன. பிரித்துப் பார்க்க முடியுமா என்று வாக்காளரின் மனச்சாட்சியைக் கேட்பதற்கு முன்னால், பிரிப்பதற்கு அங்கே இரண்டு பொருள்கள் இருந்தனவா என்று சட்டத்தையல்லவா கேட்க வேண்டும்? சோற்றில் கலந்துவிட்ட உப்பைத் தனியே எடுத்து வை என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவரால் முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது போன்றது முதல் அமர்வின் கேள்வி. உப்பு கலந்தது எப்படி என்பதை இரண்டாம் அமர்வு காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அதை நடத்தியவரே அந்த முடிவை வாய்விட்டுச் சொல்லாமல், இடைவேளை அறிவித்து எழுந்துவிட்டார். மாணவர்கள் தாமாகவே வந்து சேரட்டும் என்ற ஆசிரியத் தந்திரமாகவும் இருக்கலாம். 160 வெள்ளி கொடுத்தவர்களில் சிலர் வந்து சேராமலே வீட்டுக்குப் போனார்கள்.

இதே இடத்தில் 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையும் சேர்த்திருக்க வேண்டும். முதுமைக்கால ஓய்வூதியத்தை அமெரிக்கத் தொழிலாளர்களுக்குக் கொண்டுவந்த அந்தச் சட்டம், விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்பவர்களையும் தொடக்கத்தில் வெளியே விட்டது. அன்றைய கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். அதன் நோக்கம் நிறமா, நிர்வாகச் சிக்கலா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்; விளைவில் வாதமில்லை. சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லாமல், எந்தத் தொழில் கணக்கில் வரும், எது வராது என்று மட்டும் எழுதிவிட்டால் போதும் என்பதைப் பால்மரக்காட்டு, அதாவது ரப்பர் தோட்ட, பின்னணியிலிருந்து வந்தவர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியிராது.

மூன்றாவது அமர்வு வாலஸுக்கானது. நான்கில் மெலிந்தது அதுவே. அலபாமா பல்கலைக்கழக வாசலில் 1963 ஜூன் 11 அன்று கறுப்பின மாணவர்களை அவர் வழிமறித்து நின்ற காட்சியைக் காணொளியில் மீண்டும் மீண்டும் ஓட்டினார்கள். அந்த நேரத்தை 1958-க்குக் கொடுத்திருக்கலாம். அந்த ஆண்டு வாலஸ் ஆளுநர் வேட்பாளர் தேர்வில் நின்றபோது கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் ஆதரவு அவருக்கு இருந்தது, வெள்ளையின வெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் ஆதரவு அவரை வென்ற ஜான் பேட்டர்சனுக்கு இருந்தது. அடுத்த முறை எப்படிப் பேசுவதென்று வாலஸ் முடிவுசெய்தது அந்தத் தோல்விக்குப் பிறகுதான். அதாவது, அரசியல்வாதி வாக்காளரைக் கெடுத்தார் என்று மட்டும் சொல்ல முடியாது. வாக்காளர் எதற்குப் பரிசு கொடுப்பார் என்பதை அவர் கற்றுக்கொண்டார். 1968-இல் அதிபர் தேர்தலில் நின்று ஐந்து தென் மாநிலங்களையும் நாட்டின் வாக்குகளில் 13.5 விழுக்காட்டையும் அவர் பெற்றார். அதற்கு முன்பே, 1964-இல், தெற்கோடு சம்பந்தமே இல்லாத விஸ்கான்சினில் கட்சியின் வேட்பாளர் தேர்வில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு அவருக்கு விழுந்திருந்தது. அந்த வட மாநிலத் தொழிலாளர்கள், தாங்கள் வரிக்காகவும் ஒழுங்குக்காகவும் வாக்களித்ததாகச் சொன்னபோது அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே வகுப்பின் தலைப்புக்கு மிக நெருக்கமான வழக்கு. அது ஒரு நிமிடத்தில் கடந்துபோனது.

அதைவிட வலிய வழக்கு 1982. துப்பாக்கிக் குண்டு பட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த வாலஸ், கறுப்பினத் தேவாலயங்களுக்குச் சென்று மன்னிப்புக் கேட்ட பிறகு, மீண்டும் ஆளுநராக நின்றார். கறுப்பின வாக்காளர்களில் கணிசமானோர் அவருக்கு வாக்களித்தார்கள். வேலையின்மை கடுமையாக இருந்த ஆண்டு அது. எதிரே நின்றவர் மான்ட்கமரி மேயர் எமரி ஃபோல்மர். வாலஸின் பழைய பேச்சையும் அன்றைய வாக்குறுதியையும் பிரித்து எடைபோட்டவர்கள் யாரென்றால், அந்தப் பேச்சால் அடிபட்டவர்களே. ஆனால் இந்த முறை அவர்கள் கையில் வாக்கு இருந்தது, மன்னிப்பு கேட்கப்பட்டிருந்தது, பிரிவினைச் சட்டங்கள் வீழ்ந்திருந்தன. 1962-இல் வாலஸைத் தேர்ந்தெடுத்த வெள்ளை வாக்காளரின் "பிரித்துப் பார்த்தலும்" இதுவும் ஒரே செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் இதற்குக் கிடைத்தது கடைசிச் சில நிமிடங்கள். பிறகு திரையைச் சுருட்டிவிட்டார்கள்.

நான்காவது அமர்வு கலந்துரையாடல். எதிர்பார்த்தபடியே ஒருவர் நம் நாட்டைக் கொண்டுவந்தார். பேராக்கில் தோட்டத்தில் வளர்ந்த டீச்சர் ஒருவர், "எங்க தமிழ்ப்பள்ளிக்குக் கூரை மாற்ற மானியம் வாங்கிக் கொடுத்தவருக்குத்தான் தராசுச் சின்னத்தில் குத்தினோம், கோலாலம்பூரில் அவர் கட்சி வேறு என்ன செய்தது என்று கேட்கிற நிலைமையில் அப்போ நாங்க இல்லை சார்" என்றார். விரிவுரையாளர் "அது வேறு, டீச்சர்" என்று அதோடு முடித்துக்கொண்டார். வேறுதான், இங்குள்ள எந்த ஏற்பாட்டையும் அலபாமாவின் சட்டங்களோடு சமன் வைப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. ஆனால் வேறு என்பதோடு நின்றுவிடாமல், எப்படி வேறு என்று சொல்லியிருக்கலாம். கூரை இல்லாதவர் கூரைக்காக வாக்களிப்பதும், கூரை உள்ளவர் அடுத்தவருக்குக் கூரை மறுக்கப்படுவதைக் கண்டும் காணாமல் வாக்களிப்பதும் இரண்டு செயல்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், டீச்சருக்கும் பதில் கிடைத்திருக்கும், வகுப்புக்கும் ஒரு பிடி கிடைத்திருக்கும். டீச்சர் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

அரசியல் பேச்சுக்குப் பயந்து உள்ளூரைத் தவிர்க்கிறார்கள் என்றால், தவிர்க்காமலே பாதுகாப்பாகப் பேச ஒரு வழி இருந்தது. தென்னாப்பிரிக்கா. 1948-இல், நிறவெறிக் கொள்கையை முன்வைத்த மலானின் தேசியக் கட்சி, எதிரணியைவிடக் குறைந்த வாக்குகளோடும் அதிக இடங்களோடும் ஆட்சிக்கு வந்தது. வாக்களித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். ஷார்ப்வில்லில் 1960 மார்ச் 21-இல் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, லண்டனில் கூடிய காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் அந்தப் பிரச்சினையை விடாமல் எழுப்பியவர் அன்றைய மலாயாப் பிரதமர், நம் துங்கு அப்துல் ரஹ்மான். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. மற்ற விஷயங்களில் நல்ல வணிகக் கூட்டாளி என்று ஒரு நாட்டைப் பிரித்துப் பார்க்க முடியுமா என்ற கேள்விக்கு மலாயா அன்று கொடுத்த விடை அது. கோலாலம்பூரில் நடக்கும் வகுப்பில் இது இடம்பெறாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

சேவை பற்றி மேலும் சில. கைப்பிரதிகள் சுத்தமான தமிழில், எழுத்துப்பிழை ஏறக்குறைய இல்லாமல் இருந்தன. ஆனால் வரைபடங்கள் கறுப்பு வெள்ளையில் நகலெடுக்கப்பட்டதால் எந்த மாநிலம் எதுவென்று தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்ட கேள்விகளுக்கு மறுநாளே பதில் வந்தது. ஆங்கிலத்தில் இந்த வரலாற்றை நன்றாகப் படித்தவர்களுக்கு முதல், மூன்றாம் அமர்வுகள் புதிதாக எதையும் தராமல் போகலாம். தமிழ்வழி படித்தவர்களுக்கும், அரசியல் செய்தியைத் தினமும் பின்தொடர்ந்தும் அமெரிக்கக் கட்சிகளின் பழைய முகம் தெரியாதவர்களுக்கும், அன்று தென் மாநிலப் பிரிவினைக்காரர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சியினர் என்ற ஒன்றே பல குழப்பங்களைத் தீர்க்கும். தனி அமர்வுக்கும் கட்டணம் செலுத்தலாம், 50 வெள்ளி. வாய்ப்பும் நேரமும் குறைவாக உள்ளவர்கள் மருத்துவமனைச் சட்டத்தை எடுக்கும் இரண்டாவது சனிக்கிழமைக்கு மட்டும் பதிவு செய்துகொள்ளலாம். அட்டைகளை அன்றும் கேட்டால் கொடுக்கிறார்கள்.